கணிப்பை எழுதிவிட்டு விடையைப் பாருங்கள்: முதலாண்டு மாணவர்களுக்கான அறிவியல் சிந்தனைப் பயிற்சி

பள்ளியில் கேள்வி வினாத்தாளில் வரும், விடை பாடப்புத்தகத்தில் இருக்கும். கல்லூரிக்கு வந்த முதல் பருவத்திலேயே கேள்வியின் தொனி மாறிவிடும். "விடை சரி, ஆனால் அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஆசிரியர் கேட்பார். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் இந்த இடத்தில் திணறுவார்கள். அறிவு போதாமல் அல்ல, இப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் இதுவரை யாரும் கேட்காததால்.

இதைப் பழக நினைக்கும் பலர் தொடங்கும் இடமே தப்பு. தர்க்கப் பிழைகளின் நீண்ட பட்டியல் ஒன்றைத் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்வார்கள். ஒரு மாதத்தில் அடுத்தவர் பேச்சில் பிழை பிடிக்க வந்துவிடும். சொந்தப் பேச்சில் மட்டும் ஒன்றும் கண்ணில் படாது. ஆகவே இங்கே பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. 100 பக்க நோட்டு ஒன்று, பேனா, கூட உட்கார ஒரு நண்பர், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம் என்று பத்து வாரம் ஒதுக்கினால் போதும். எந்தப் பாடப்பிரிவு என்றாலும் பரவாயில்லை. வரலாறு படிப்பவருக்கும் ஊசல் ஆட்டத் தெரியும்.

நோட்டுப் போடும் முறை

ஒவ்வொரு பதிவிலும் ஐந்து வரி இருக்கட்டும்: தேதி, கேள்வி, உங்கள் கணிப்பு, அதில் உங்களுக்கு எத்தனை சதவீதம் நம்பிக்கை, எது நடந்தால் நீங்கள் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள். விடை எழுதக் கீழே இடம் விட்டுவையுங்கள். விடை தெரிந்த பிறகு மேலே உள்ள ஐந்து வரிகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. பென்சில் வேண்டாம் என்பது அதனால்தான்.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

கேள்வி: ஊசலின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் ஒரு அலைவுக்கு (ஒருமுறை போய்த் திரும்பி வர) ஆகும் நேரம் எவ்வளவு கூடும்?
கணிப்பு: இரண்டு மடங்கு ஆகும்.
நம்பிக்கை: 80.
எது வந்தால் தப்பு: 1.8 மடங்குக்குக் கீழே வந்தால்.
விடை: 1.41 மடங்கு. தப்பு.

"எது வந்தால் தப்பு" என்ற வரியை எழுதத்தான் கை வராது. "கொஞ்சம் கூடலாம்", "ஓரளவு மாறும்" என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் எந்த விடை வந்தாலும் நீங்கள் சொன்னது சரியாகிவிடும், எனவே அது கணிப்பே இல்லை. எண் போடுங்கள். எண் போட முடியாத விஷயமென்றால் நாள் குறியுங்கள்: "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நடக்கும் அல்லது நடக்காது."

இவ்வளவு கறார் எதற்கு என்றால், விடையைப் பார்த்த மறுகணமே மூளை பழைய கணக்கைத் திருத்திவிடும். "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனதாரச் சொல்வோம், அது பொய் என்று நமக்கே தெரியாது. பேனாவில் எழுதியது மட்டும் மாறாமல் இருக்கும்.

நாற்பது ஐம்பது பதிவுகள் சேர்ந்ததும் ஒரு கணக்குப் பாருங்கள். 90 சதவீதம் என்று போட்டவற்றை மட்டும் தனியே எடுத்து, அவற்றில் எத்தனை பலித்தன என்று எண்ணுங்கள். இருபதில் பதினெட்டு பலித்திருந்தால் உங்கள் 90 உண்மையிலேயே 90. பதின்மூன்றுதான் என்றால் உங்கள் 90க்கு மற்றவர்கள் 65 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் எளிது: 90 போடும் முன், "இது தப்பாகப் போனால் என்ன காரணத்தால் போயிருக்கும்?" என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்தக் காரணம் சட்டென்று கிடைத்துவிட்டால் எண்ணைக் குறையுங்கள்.

முதல் வாரம்: "இல்லை" என்ற பதிலைத் தேடும் விளையாட்டு

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட சோதனை இது. இரண்டு பேர் போதும். ஒருவர் மூன்று எண்களுக்கான விதி ஒன்றைத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்கிறார். "2, 4, 6 இந்த விதிக்குப் பொருந்தும்" என்று மட்டும் அடுத்தவரிடம் சொல்கிறார். அடுத்தவர் தன் இஷ்டப்படி மூன்று மூன்று எண்களாகச் சொல்லிக் கேட்கலாம். பதில் "பொருந்தும்" அல்லது "பொருந்தாது" மட்டுமே. விதி பிடிபட்டுவிட்டது என்று உறுதியானதும் அறிவிக்க வேண்டும்.

பெரும்பாலும் 8, 10, 12 என்று தொடங்குவார்கள். பொருந்தும். 20, 22, 24. பொருந்தும். 100, 102, 104. பொருந்தும். "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று அறிவிப்பார்கள். அது விதி அல்ல. மடித்த தாளில் இருப்பது "ஒன்றைவிட ஒன்று பெரிய எந்த மூன்று எண்ணும்." வேசனின் சோதனையில் கலந்துகொண்ட 29 மாணவர்களில் 6 பேர் மட்டுமே தப்பான விதி எதையும் அறிவிக்காமல் சரியான விதியை அடைந்தார்கள்.

விதி தெரிந்துவிட்ட பிறகு விளையாட்டில் சுவை போய்விடும் என்று நினைக்கவேண்டாம், பயிற்சியே இனிமேல்தான். நண்பரை வேறு விதி எழுதச் சொல்லுங்கள்: எல்லாம் 100க்குக் கீழ், மூன்றின் கூட்டுத்தொகை இரட்டைப்படை, கடைசி எண் முதல் எண்ணைவிடப் பெரியது, எந்த இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் 2, 4, 6 பொருந்தும். இம்முறை ஒவ்வொரு முறையும் எண்களைச் சொல்வதற்கு முன் உங்கள் இப்போதைய ஊகத்தையும், அதன்படி பதில் "பொருந்தும்" என்று வருமா "பொருந்தாது" என்று வருமா என்பதையும் நோட்டில் எழுதுங்கள். ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். பாதிக் கேள்விகளாவது உங்கள் ஊகத்தின்படி "பொருந்தாது" என்று வர வேண்டியவையாக இருக்கவேண்டும். முதல் நாளில் பத்துக்கு ஒன்று இருந்தாலே அதிகம்.

இதில் புதியவர்கள் செய்யும் குழப்பம் ஒன்று உண்டு. வினோதமான எண்களைச் சொன்னால் கடினமான சோதனை செய்துவிட்டதாக நினைப்பார்கள். 7006, 7008, 7010 பார்க்கத்தான் வினோதம், "இரண்டிரண்டாகக் கூடும்" என்ற ஊகத்துக்கு அதனால் எந்த ஆபத்தும் இல்லை. 1, 2, 9 என்று கேட்டால்தான் ஆபத்து. ஊகம் செத்துப்போகக்கூடிய கேள்வியே சோதனை.

இரண்டு, மூன்றாம் வாரம்: ஒரு நூலும் ஒரு குண்டும்

ஊசல் பள்ளியிலேயே பார்த்ததுதானே என்று தள்ளிவிடாதீர்கள். சூத்திரம் தெரிந்திருந்தும் சோதனையை ஒழுங்காகச் செய்யத் தெரியாமல் இருப்பதைக் காட்டிக்கொடுக்க இதைப் போல மலிவான கருவி வேறு இல்லை. தேவையானவை: ஒன்றேகால் மீட்டர் நூல், வேறு வேறு அளவில் இரண்டு குண்டுகள், அளவுகோல், கைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச்.

கேள்வி இதுதான்: அலைவு நேரத்தை எது மாற்றுகிறது? நீளமா, எடையா, எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கவேண்டும். கேட்டால் எல்லோரும் ஒப்பிப்பார்கள். செய்யும்போது நடப்பது வேறு.

எடையைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 50 செ.மீ. நூலில் 1 செ.மீ. ஆரமுள்ள குண்டைக் கட்டி 20 அலைவுக்கு நேரம் பார்க்கிறீர்கள், சுமார் 28.7 நொடி. அதை அவிழ்த்துவிட்டு 3 செ.மீ. ஆரமுள்ள கனமான குண்டை அதே நூலில் கட்டுகிறீர்கள். இப்போது 29.2 நொடி. திரும்பத் திரும்பச் செய்தாலும் அதே வித்தியாசம் வருகிறது. "எடை கூடினால் ஊசல் மெதுவாகும்" என்று எழுதிவிட்டு எழுந்து போனால் கதை முடிந்தது. ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் அல்ல, கட்டிய இடத்திலிருந்து குண்டின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம். முதல் ஊசல் 51 செ.மீ., இரண்டாவது 53 செ.மீ. எடையை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு நீளத்தையும் மாற்றியிருக்கிறீர்கள். பெரிய குண்டுக்கு நூலை 2 செ.மீ. குறைத்துக் கட்டுங்கள், வித்தியாசம் மறைந்துவிடும். "ஒன்றை மட்டும் மாற்றினேன்" என்று எப்போது சொன்னாலும், கூடவே ஒட்டிக்கொண்டு வேறு என்ன மாறியது என்று தேட வேண்டும் என்பதற்கு இந்த 2 செ.மீ. நல்ல பாடம்.

நேரம் பார்ப்பதிலும் விஷயம் இருக்கிறது. ஸ்டாப்வாட்ச் அமுக்கும் கை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு முன்னேபின்னே போகும். 1 மீட்டர் ஊசலின் ஒரு அலைவு 2 நொடி, ஒன்றை மட்டும் அளந்தால் பிழை 10 சதவீதம். 20 அலைவை அளந்து வகுத்தால் அதே பிழை அரை சதவீதமாகிவிடும். இழுத்துவிட்ட உடனே அமுக்காதீர்கள், இரண்டு மூன்று அலைவு போனபின், குண்டு நடுவே கடக்கும் கணத்தில் "பூஜ்யம்" என்று சொல்லி அமுக்குங்கள். "ஒன்று" என்று சொல்லி ஆரம்பித்தால் இருபதில் நிறுத்தும்போது 19 அலைவுதான் ஆகியிருக்கும். இந்தப் பிழைக்கு ஒரு கைரேகை உண்டு: நீளத்தையும் அலைவு நேரத்தையும் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால் 9.8 வருவதற்குப் பதில் 10.9க்குப் பக்கத்தில் வரும். குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்தால் எதிர்ப்பக்கம் போகும். 50 செ.மீ. நூலில் ஒன்றரை செ.மீ. ஆரத்தை விட்டுவிட்டால் 9.5 வரும். தப்பான விடையின் அளவைப் பார்த்தே தப்பு எங்கே நடந்தது என்று ஊகிக்க முடிகிறதல்லவா? விடை வரவில்லை என்று சோர்ந்து போகிறவர்கள் இந்தச் சுகத்தை அனுபவிக்காமலே போய்விடுகிறார்கள்.

இழுத்துவிடும் கோணத்தை 10 பாகைக்குள் வைத்தால் அதன் விளைவு ஆயிரத்தில் இரண்டு பங்குதான், கையில் உள்ள ஸ்டாப்வாட்சில் தெரியாது. 60 பாகை இழுத்துவிட்டால் 7 சதவீதம் கூடும், நன்றாகவே தெரியும். "கோணத்துக்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை" என்று பள்ளியில் படித்த வாக்கியத்துக்கு ஒரு எல்லை இருந்தது என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

நீளத்துக்கு 25, 36, 49, 64, 81, 100 செ.மீ. என்று எடுங்கள். நேரம் ஏறக்குறைய 1.0, 1.2, 1.4, 1.6, 1.8, 2.0 நொடி என்று வரும். முதல் மூன்றை அளந்தபின் நிறுத்தி, மீதி மூன்றுக்கும் கணிப்பை நோட்டில் எழுதிவிட்டு அளந்தால்தான் இது சோதனை. ஆறையும் அளந்துவிட்டு கிராஃப் போடுவது வெறும் பதிவு.

ரீடிங் எடுப்பவர் வேறு, எழுதுபவர் வேறு ஆளாக இருக்கட்டும். எடுப்பவர் முந்தைய ரீடிங்குகளைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் விரல் தானாக அந்த எண்ணை நோக்கிப் போகும். இது நேர்மைக் குறைவு அல்ல, நல்ல விஞ்ஞானிகளுக்கும் நேர்ந்ததுதான். பிரான்ஸின் நான்சி நகரில் பிளாண்ட்லோ என்ற இயற்பியலாளர் 1903இல் என்-கதிர் என்ற புதிய கதிரைக் கண்டதாக அறிவித்தார். வேறு பலரும் தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். 1904இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அந்த ஆய்வகத்துக்கே போய், இருட்டில் கருவியில் கதிரைப் பிரிப்பதற்காக வைத்திருந்த முப்பட்டகத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். கதிரின் அளவுகள் முன்போலவே வாசிக்கப்பட்டன. அப்படி ஒரு கதிர் இல்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விடையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் ஏற்றுவது பல லேப்களில் நடக்கும் சங்கதி. ஒழுக்கப் பிரச்சினையை விடுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் கற்றிருக்கக்கூடிய ஒன்றே ஒன்று, எண் ஏன் சரியாக வரவில்லை என்பதுதான். அதைத்தான் அழித்துவிடுகிறோம். ஐந்து முறை அளந்தால் ஐந்தையும் எழுதுங்கள். ஒன்றைத் தள்ள வேண்டுமானால் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் காரணம் எழுதுங்கள். "மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை" என்பது காரணம் அல்ல. "எண்ணும்போது நூல் மேசையில் உரசியது" என்பது காரணம்.

நான்காம் வாரம்: ஒரு நிகழ்வுக்கு நான்கு விளக்கம்

ஒரு விளக்கம் மனதில் பட்டதும் அதிலேயே உட்கார்ந்துவிடுவது நம் சுபாவம். நான்காவது வாரம் முழுக்க, எதைப் பார்த்தாலும் குறைந்தது நான்கு விளக்கம் எழுதுங்கள். எழுதுவது சுலபம். ஒவ்வொன்றும் உண்மையானால் வேறு எதுவெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று அடுத்த கட்டத்தில் எழுதுவதில்தான் வேலை இருக்கிறது.

இதற்குப் பழைய மருத்துவமனைக் கணக்கு ஒன்று மிகப் பொருத்தம். வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றார்கள். 1846இல் முதல் பிரிவில் தாய்மார் இறப்பு சுமார் 11 சதவீதம், இரண்டாவதில் 3 சதவீதத்துக்கும் கீழ். அங்கே பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஊரின் கெட்ட காற்று காரணமா? அப்படியானால் இரண்டு பிரிவும் ஒரே மாதிரி பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். நெரிசலா? நெரிசல் அதிகம் இருந்தது இரண்டாவது பிரிவில்தான். இறப்பவர்களுக்காக மணியடித்தபடி பாதிரியார் முதல் பிரிவு வழியே நடந்து போவதால் வரும் பயமா? அவர் போகும் வழியை மாற்றச் செய்தார், இறப்பு குறையவில்லை. பிரசவத்தின்போது படுக்கும் நிலையா? அதையும் இரண்டாம் பிரிவைப் போலவே மாற்றினார், பயனில்லை.

1847இல் அவருடைய சக மருத்துவர் ஒருவர் பிணப்பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமாகி இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவற்றை ஒத்திருந்தன. பிணப்பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் முதல் பிரிவினர் மட்டுமே. அப்படியானால் கைகளைக் குளோரின் கரைசலில் கழுவினால் இறப்பு குறைய வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்தது, மே நடுவில் கழுவும் விதி வந்தபின் ஜூனில் 2 சதவீதச் சுற்றுக்கு இறங்கியது.

இதை அப்படியே அட்டவணையாகப் போட்டுப் பாருங்கள். இடது பக்கம் விளக்கங்கள், மேலே "இரண்டாம் பிரிவில் என்ன நடக்க வேண்டும்", "இதை மாற்றினால் என்ன நடக்க வேண்டும்", "உண்மையில் என்ன நடந்தது" என்று மூன்று பத்தி. பிறகு உங்கள் சொந்த விஷயம் ஒன்றுக்கு, உதாரணமாக வைஃபை மாலையில் மட்டும் ஏன் மெதுவாகிறது என்பதற்கு, இதே அட்டவணையை நிரப்புங்கள். எல்லா விளக்கத்துக்கும் ஒரே கணிப்பு வருகிறது என்றால் உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகவில்லை.

இரண்டு விஷயம் சேர்ந்தே காணப்படும்போதும் இதுவே வழி. 1999இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது: இரண்டு வயதுக்கு முன் விளக்கு எரியும் அறையில் தூங்கிய குழந்தைகளிடம் பின்னாளில் கிட்டப்பார்வை அதிகம். விளக்கைக் குற்றம் சொல்வது எளிது. அடுத்த ஆண்டே வெளியான ஆய்வுகளில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. அதோடு, கிட்டப்பார்வை உள்ள பெற்றோர் இரவில் விளக்கை எரியவிடுவது அதிகம் என்றும் தெரியவந்தது. கிட்டப்பார்வை பெற்றோரிடமிருந்தும் பிள்ளைக்கு வரும். ஆகவே "அ, ஆ இரண்டும் சேர்ந்து வருகின்றன" என்று எங்கே படித்தாலும் நான்கு படம் வரையுங்கள்: அ-விலிருந்து ஆ-வுக்கு அம்பு, ஆ-விலிருந்து அ-வுக்கு அம்பு, மூன்றாவது ஒன்றிலிருந்து இரண்டுக்கும் அம்பு, அம்பே இல்லாத தற்செயல். கடைசிப் படம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

ஐந்து முதல் ஏழு வாரம்: தற்செயலோடு பழகுதல்

எங்கே தற்செயல் நின்று எங்கே காரணம் தொடங்குகிறது என்பது உள்ளுணர்வுக்கு எட்டாத விஷயம். சூத்திரத்தைவிடக் கையால் உருட்டிப் பார்ப்பது இதில் நன்றாக உதவும்.

நாணயம்: ஒருவர் நூறு முறை உண்மையில் சுண்டி எழுதட்டும், இன்னொருவர் சுண்டாமல் கற்பனையாக நூறு எழுதட்டும். எது எது என்று மூன்றாமவர் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு முறையோ அதற்கு மேலோ விழுந்திருக்கும் தாள் பெரும்பாலும் நிஜம். நூறு சுண்டலில் அப்படி ஒரு தொடர் வர சுமார் 80 சதவீதம் வாய்ப்பு உண்டு. கற்பனையில் எழுதுகிறவர் மூன்று நான்குக்கு மேல் போகப் பயப்படுவார்.

பகடை: முப்பது பேர் ஆளுக்கு இரண்டு பகடை உருட்டுங்கள், ஆள் இல்லையென்றால் ஒருவரே முப்பது முறை. கூட்டுத்தொகை 4 அல்லது அதற்குக் கீழ் வந்தவர்களைத் தனியே நிறுத்துங்கள், ஏறக்குறைய ஐந்து பேர் இருப்பார்கள். அவர்களை நன்றாகத் திட்டிவிட்டு மறுபடி உருட்டச் சொல்லுங்கள். சராசரி 7ஐ ஒட்டி வந்து நிற்கும். திட்டியது வேலை செய்துவிட்டது! முதல் தேர்வில் கடைசியில் வந்தவர்களுக்குச் சிறப்பு வகுப்பு வைத்து, அடுத்த தேர்வில் அவர்கள் முன்னேறியதாகக் காட்டும் எந்தக் கணக்கைப் பார்த்தாலும் இந்தப் பகடையை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் சேராத கடைசி வரிசைக்காரர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று தெரியாமல் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை.

கோப்பை: பாலை முதலில் ஊற்றிய தேநீரையும் பிறகு ஊற்றியதையும் சுவைத்தே சொல்ல முடியும் என்று ஒரு பெண்மணி சொன்னதை வைத்துப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அமைத்த சோதனை புகழ்பெற்றது. எட்டுக் கோப்பை, நான்கு இப்படி, நான்கு அப்படி, வரிசை குலுக்கல்படி. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி உண்டு, ஆகவே குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைய 70இல் ஒரு வாய்ப்பு. நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னால்? பாராட்டத் தோன்றும். மூன்று அல்லது அதற்கு மேல் தற்செயலாகவே சரியாக அமைய 70இல் 17 வாய்ப்பு, கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. அசந்துபோக ஒன்றுமில்லை. நண்பர்களில் யாராவது இரண்டு பிராண்டு தண்ணீரை வேறுபடுத்திச் சொல்வேன் என்றால் எட்டு டம்ளரோடு உட்காருங்கள். ஊற்றியவர் அறையில் இருக்கக்கூடாது, முகமே விடை சொல்லிவிடும்.

பரிசோதனை முடிவு: ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை, நோயாளிகளில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும். நோயில்லாதவர்களில் 9 சதவீதம் பேரையும் தவறுதலாகப் பிடிக்கும். ஒருவருக்கு "இருக்கிறது" என்று வந்தால் உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? முதலில் நோட்டில் கணிப்பை எழுதுங்கள். சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களாக எண்ணினால் கணக்கு சுலபம். ஆயிரம் பேரில் 10 பேர் நோயாளிகள், அவர்களில் 9 பேர் பிடிபடுவார்கள். மீதி 990 பேரில் சுமார் 89 பேர் தவறுதலாகப் பிடிபடுவார்கள். பிடிபட்டவர்கள் மொத்தம் 98, நிஜமான நோயாளிகள் 9. பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலான நோட்டுகளில் கணிப்பு 80, 90 என்று இருக்கும்.

எட்டாம் வாரம்: செய்தியைப் படிப்பது

வாரம் ஒரு தலைப்புச் செய்தி போதும், தினமும் பத்து வேண்டாம். "ஆபத்து இரட்டிப்பாகிறது" என்றால் எதிலிருந்து எதற்கு என்று பாருங்கள். பத்தாயிரத்தில் ஒன்று இரண்டானாலும் இரட்டிப்புதான். யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேர்? நடுவில் விலகியவர்கள் கணக்கில் இருக்கிறார்களா? முன்பின் தெரியாத தளமென்றால் அதே பக்கத்தை இன்னும் உற்றுப் படிப்பதில் நேரம் போக்காமல், வெளியே வந்து அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். நேர்த்தியான வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

கடைசி இரண்டு வாரம்: விவாதம்

ஊகம் பொய்த்துப்போனால் அதைக் காப்பாற்ற ஒரு சாக்கு கிடைக்காமல் போகாது. எல்லாச் சாக்கும் மோசமும் அல்ல. யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை என்றபோது, நியூட்டனின் விதி தப்பு என்று சொல்லாமல், கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே. எங்கே தேட வேண்டும் என்றும் கணக்கிட்டுக் கொடுத்தார். 1846 செப்டம்பரில் பெர்லினில் தேடிய முதல் இரவிலேயே, சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது. புதன் கோளும் கொஞ்சம் பிசகியது. 1859இல் அவர் அதே பாணியில், சூரியனுக்கு அருகே இன்னொரு கோளோ கோள் கூட்டமோ இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று, பல பத்தாண்டு தேடியும் கோள் இல்லை. நூறு ஆண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) என்ற அந்தப் பிசகலை விளக்கியது 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல். இரண்டு முறையும் யோசனை ஒன்றே, எங்கே பார்க்க வேண்டும் என்று இரண்டு முறையும் சொல்லப்பட்டது. அதனால்தான் ஒன்று ஜெயித்ததும் மற்றது தோற்றதும் நமக்குத் தெரியும். நீங்கள் சாக்குச் சொல்லும்போதும் அதிலிருந்து புதிதாகச் சரிபார்க்க ஒன்று கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம்.

நண்பரோடு விவாதிக்க ஒரு விதி போதும். அவருடைய வாதத்தை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று அவர் ஒப்புக்கொள்ளும் வரை பதில் சொல்லக்கூடாது. பிறகு இருவரும் தனித்தனியே ஒரு வரி எழுதுங்கள்: எதைப் பார்த்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? தாளில் ஒன்றும் எழுத முடியாதவர் விவாதிக்கவில்லை, கட்சி பேசுகிறார். பாதி நேரம் அது நாமாகவே இருப்போம்.

இந்தக் கட்டத்தில் எதையும் நம்பாத நோய் ஒன்று தொற்றும். "ஆய்வா? எல்லாம் அப்படித்தான்" என்று கைகொட்டிச் சிரிப்பது எல்லாவற்றையும் நம்புவதைப் போலவே சோம்பேறித்தனம், யோசிக்கும் உழைப்பு இரண்டிலும் மிச்சம். நோட்டில் ஒரு எண் போடச் சொன்னால் இந்த நோய் தெளிந்துவிடும். சந்தேகம் என்றால் எத்தனை சதவீதச் சந்தேகம்?

நோட்டின் கடைசிப் பக்கத்தை முதல் நாளே ஒதுக்கி வையுங்கள். கருத்தை மாற்றிக்கொண்ட ஒவ்வொரு முறையும் தேதி, பழைய கருத்து, புதியது, மாற்றிய சான்று என்று அங்கே ஒரு வரி எழுத வேண்டும். பத்து வாரம் கழித்து அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் முன்பக்கக் கேள்விகளைத் திரும்பப் பாருங்கள். விடை ஏற்கெனவே தெரிந்தவற்றையே பொறுக்கியிருப்பீர்கள், நம்பிக்கை பத்தியில் 90 வரிசையாக நிற்கும். அடுத்த பத்து வாரத்துக்கு 60 போடும்படியான கேள்விகளாகத் தேடி எடுங்கள்.